மின்னூலக நிர்மாணத்தில் வரைபடத்தின் ஸ்தானம்



மின்னூலகங்களைத் திட்டமிட்டு நிர்மாணிப்பது எவ்வாறு என்ற விஷயத்தை இன்றைய சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டபோது, இதைக் கணினிப் பொறியாளர்கள் கூடிய சபையில் அல்லவா பேச வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். வரைபடத்தின் அருமை தெரிந்தவர்கள் எதிரே இருந்தால் போதும் என்பதே அவருக்கு நான் சொன்ன சமாதானம். அந்த வகையில் நெய்வேலியைவிடத் தகுதியான ஊர் கிடைப்பது அரிது. 1957-ஆம் ஆண்டில் பிரதமர் நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைப்பதற்கு முன்பே, நிலத்தைத் துளையிட்டுப் பார்த்து, மேல்மண் எத்தனை ஆழம், அதன்கீழ் பழுப்பு நிலக்கரிப் படுகை எத்தனை கனம், அந்தப் படுகைக்கும் அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் தாளில் வரைந்து பார்த்தார்கள். அந்த நீரைப் படத்தில் காட்டாமல் விட்டிருந்தால், வெட்டிய பள்ளம் சுரங்கமாகாமல் ஏரியாகியிருக்கும். இன்றைக்கும் இராப்பகலாகப் பம்புகள் ஓடிக்கொண்டிருப்பதன் காரணம் இந்தச் சபையில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

மின்னூலகம் கட்டப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர், வருந்தத்தக்க வகையில், இந்த ஒழுங்கைக் கைக்கொள்வதில்லை. முதலில் ஸ்கேனர் வாங்குகிறார்கள். பிறகு ஆள் வைத்துப் பக்கங்களைப் படமெடுக்கிறார்கள். கோப்புகள் மலைபோல் குவிந்தபின், இவற்றை எதில் போட்டு எப்படித் தேடுவது என்று யாரையாவது கேட்கிறார்கள். கேட்கப்பட்டவர் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஒன்றின் பெயரைச் சொல்கிறார்; அதோடு காரியம் முடிந்ததாக எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் அந்த மென்பொருளுக்குள்ளேயும் ஒரு வரைபடம் இருக்கிறது. நூல் என்பது என்ன, ஆசிரியர் என்பவர் யார், எந்தத் தொகுப்பினுள் எது அடங்குவது, வாசகர் என்ன கேட்பார் என்பதையெல்லாம் எங்கோ ஒரு தேசத்தில் யாரோ சிலர், தங்கள் கைவசம் இருந்த நூல்களையும் தங்கள் வாசகரையும் மனத்தில் கொண்டு வரைந்த படம் அது. நம்முடைய படத்தை நாம் முன்னதாக வரைந்து வைத்துக்கொள்ளாவிட்டால், அந்தப் படத்துக்குள் நம் நூல்களைத் திணித்தபோது எது நசுங்கிற்று, எது வெளியே விழுந்தது என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும். இன்று நான் சொல்ல வந்தது பிரதானமாக இதுவே.

வரைபட முறை என்று நான் குறிப்பிடுவது பெரிய மாயவித்தை அன்று. நிரல் எழுதுவதற்கு முன்பு, அந்த அமைப்பில் உள்ள பொருள்களைக் கட்டங்களாகவும், அவற்றின் உறவுகளைக் கோடுகளாகவும், நடக்கும் காரியங்களை அம்புக்குறிகளாகவும் வரைந்து பார்ப்பதுதான். பீட்டர் சென் என்பவர் 1976-இல் தரவுத்தளங்களுக்காக இத்தகைய ஒரு முறையை வகுத்தார்; 1997-இல் யூ.எம்.எல். என்ற பொதுவான வரைமொழி நியமம் பெற்றது. இதன் பிரயோசனம் எளிதானது. நூலகருக்கு நிரல் படிக்க வராது; நிரலாளருக்கு நூற்பட்டியலின் நுட்பம் தெரியாது. இருவரும் ஒரே மேசைக்கு முன்னால் நின்று, ஒரே கட்டத்தின் மீது விரலை வைத்து, 'இது தப்பு' என்று சொல்லக்கூடிய ஒரே வஸ்து படம்தான்.

இந்த எண்ணத்தை மேல்நாட்டிலிருந்து நாம் இரவல் வாங்கவேண்டிய அவசியமில்லை என்பதற்கு நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரே சாட்சி. சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்று, பயிற்சிக்காக லண்டன் சென்றார். அங்கே செல்ஃப்ரிட்ஜ் என்ற பெரிய அங்காடியில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமான் அவருடைய கண்ணில் பட்டது. துளையிட்ட தகடுகள், கம்பிகள், திருகாணிகள் ஆகிய சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாள் பாலமும் மறுநாள் பளுதூக்கியும் செய்யலாம் என்பதைப் பார்த்த மாத்திரத்தில், நூல்களின் பொருளையும் இவ்வாறே சில அடிப்படைக் கூறுகளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, வேண்டியபோது வேண்டியவாறு பூட்டிக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை அந்தக் கணத்தின் விளைவு. ஆள்மை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து மூலகங்களை அவர் பின்னாளில் வகுத்தார். கருத்துத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம் என்று வேலையை மூன்றாகப் பிரித்து, கருத்துத் தளத்தில் தீர்மானம் ஆகாத எதையும் குறியீட்டில் அவசரப்பட்டு எழுதக்கூடாது என்று விதித்ததும் அவரே. கருத்து என்று அவர் சொன்ன இடத்தில் வரைபடத்தையும், குறியீடு என்ற இடத்தில் நிரலையும் வைத்துப் படித்தால், இந்த உபந்நியாசத்தின் பாதி முடிந்துவிட்டது.

மறுபாதிக்காக அமெரிக்காவுக்குப் போகவேண்டும். வர்ஜீனியா மாநிலத்தில் பிளாக்ஸ்பர்க் என்றொரு சிற்றூர். அங்குள்ள வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஃபாக்ஸ் என்ற பேராசிரியரும், அவரிடம் ஆய்வு செய்த பிரேசில் நாட்டவரான மார்க்கோஸ் கொன்சால்வெஸ் என்பவரும், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் '5எஸ்' என்ற கோட்பாட்டை உருவாக்கினார்கள். (1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்களைத் திறந்து முகப்பைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊரின் பெயர் பழக்கமானதாக இருக்கும்: சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் அவர்களும், இதே பிளாக்ஸ்பர்கிலிருந்து குமார் மல்லிகார்ஜுனன் அவர்களும் அத்திட்டத்தை நடத்தினார்கள். ஒரே ஊரில் ஒரு பக்கம் மின்னூலகத்தின் இலக்கணமும், இன்னொரு பக்கம் தமிழ் மின்னூலகமும் உருவாகிக்கொண்டிருந்திருக்கின்றன.)

எந்த மின்னூலகத்தையும் ஐந்து கோணங்களில் பார்த்து வரைய வேண்டும் என்பது அந்தக் கோட்பாடு. எழுத்து, ஒலி, படம் என்று இயந்திரத்துக்குள் தொடர்ச்சியாக ஓடிவரும் தரவு முதலாவது. அதை ஓட்டம் என்போம். அந்த ஓட்டத்துக்கு வடிவம் தருகிற அத்தியாயப் பிரிவுகள், நூற்பட்டியல், பகுப்புமுறை ஆகியவை கட்டமைப்பு. தேடுவதற்காகச் சொற்களை அளந்து நிறுத்தும் கணித வெளியும், முடிவுகளைக் காட்டும் திரையின் பரப்பும் வெளி. வாசகர் வந்தால் என்ன நடக்கிறது, அதன்பின் என்ன நடக்கிறது என்று கிரமமாகச் சொல்வது நிகழ்முறை. இவற்றையெல்லாம் யார் யார் பயன்படுத்துகிறார்கள், யார் பராமரிக்கிறார்கள், யாருக்கு என்ன உரிமை என்பது சமுதாயம். ஆங்கிலத்தில் ஐந்தும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர்.

இதை வெறும் சூத்திரமாக விடாமல், '5எஸ் கிராஃப்' என்ற வரைகருவியையும் அவர்கள் செய்து, 2003-இல் ஐரோப்பிய மின்னூலக மாநாட்டில் எடுத்துரைத்தார்கள். திரையின் மேற்பகுதியில் வெற்றிடம். கீழ்ப்பகுதியில், ஒரு மின்னூலகத்தில் இருக்கக்கூடிய உறுப்புகள் எல்லாம் வகை வகையாக அடுக்கியிருக்கும். நூலகர் தமக்கு வேண்டியவற்றை எடுத்து மேலே வைத்துத் தம் நூலகத்தைப் படமாகப் பூட்டிக்கொண்டே போகலாம். வெறும் சித்திரப் பலகைக்கும் இதற்கும் உள்ள பேதம் என்னவென்றால், இந்தக் கருவிக்குப் பொருள் தெரியும்: ஓரிடத்தில் வரையாத சேவையை இன்னோரிடத்தில் வாசகருக்கு வழங்குவதாகக் காட்ட முயன்றால் அது விடாது. வரைந்து முடித்த படம் ஒரு விவரணக் கோப்பாக மாறும். அந்தக் கோப்பைப் படித்து நூலகத்தின் நிரலைத் தானே ஆக்கித் தரும் வேறொரு கருவியும் இருந்தது. சென்னையிலிருந்து லண்டன் போன கணித ஆசிரியர் இதைப் பார்த்திருந்தால், தம்முடைய மெக்கானோ பெட்டியை அடையாளம் கண்டுகொண்டிருப்பார்.

இந்தக் கருவி உலகமெல்லாம் பரவியதா என்றால், இல்லை. அதன் அடிப்படையில் உள்ள கணிதம் நூலகர்களை மிரட்டியது என்பது என் அபிப்பிராயம். அதோடு, 2002-இல் எம்.ஐ.டி.யும் ஹ்யூலெட்-பேக்கார்டும் சேர்ந்து வெளியிட்ட டி-ஸ்பேஸ், நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் பிறந்த கிரீன்ஸ்டோன் போன்றவை தயார்நிலையில் கிடைத்தபோது, வரைந்து பார்க்கும் பொறுமை யாருக்கு இருக்கும்? ஆனாலும் அந்த ஐந்து கேள்விகள் சாகவில்லை. தாளும் பென்சிலும் இருந்தாலே அவற்றைக் கேட்டுவிடலாம்.

டி-ஸ்பேஸின் உள்ளே இருக்கும் படத்தைச் சற்றுப் பாருங்கள். மேலே சமூகங்கள், அவற்றினுள் தொகுப்புகள், தொகுப்பினுள் உருப்படிகள், உருப்படியினுள் கோப்புகள். இது ஒரு பல்கலைக்கழகத்தின் துறைகளும் அவற்றின் ஆய்வேடுகளும் கொண்ட உலகம். ஆகையால்தான் குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் 'சோத்கங்கா'வில் சேர்க்க அதை எடுத்துக்கொண்டபோது, சட்டை அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது: பல்கலைக்கழகம், துறை, ஆய்வேடு, அதன் முகப்பும் சான்றிதழும் அத்தியாயங்களும் தனித்தனிக் கோப்புகளாக. பொருந்தும் இடத்தில் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது நம் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பொருளை இறக்குவோம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது, அந்தப் பக்கங்களை மட்டும் வாராவாரம் கத்தரித்து, மணியத்தின் சித்திரங்களோடு வரிசையாக அடுக்கி, ஊரிலுள்ள பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு வைத்துக்கொண்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. அந்தக் கட்டு இதழ் அல்ல, ஏனெனில் இதழின் மற்றப் பக்கங்கள் அதில் இல்லை. பதிப்பகத்தார் வெளியிட்ட நூலும் அல்ல. ஒவ்வோர் அத்தியாயத்தின் பின்பக்கத்திலும் பாதி அறுந்த ஒரு விளம்பரமோ, துணுக்கோ தங்கியிருக்கும். இதை நூற்பட்டியலில் எங்கே வைப்பது? சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 1998-இல் வெளியிட்ட ஒரு மாதிரி, படைப்பு, அதன் வெளிப்பாடு, அதன் அச்சுருவம், கையிலிருக்கும் பிரதி என்று நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டுகிறது. அந்த நான்கு கட்டங்களைத் தாளில் வரைந்தால் வழி பிறக்கிறது: படைப்பு ஒன்றே; தொடர்வடிவம் ஒரு வெளிப்பாடு; அந்தந்த வாரத்து இதழ்கள் அச்சுருவங்கள்; பரணிலிருந்து இறங்கியது, பல இதழ்களின் துண்டுகளால் ஆன ஒரே பிரதி. ஒரு பிரதியிலிருந்து பல அச்சுருவங்களுக்குக் கோடு இழுக்கவேண்டியிருக்கிறது. இந்தக் கோட்டைத் தாங்காத மென்பொருளில் இந்தக் கட்டை ஏற்றினால், அது 'பொன்னியின் செல்வன், ஆசிரியர் கல்கி' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கி, கடையில் கிடைக்கும் புதுப் பதிப்போடு கலந்து மறைந்துவிடும்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைப் பராமரிக்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் விதம்விதமாக வந்திருக்க வேண்டும். பெயர்ப்பலகை எழுதும் கலைஞராக இருந்த அவர் தம் வாழ்நாளில் சேர்த்துவைத்த சுமார் 1,00,000 அச்சுப் பொருள்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, இங்கேயே இருக்கட்டும் என்று தீர்மானித்ததால், 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. நாடக நோட்டீசும் குஜிலிப் பாட்டுப் புத்தகமும் கல்யாணப் பத்திரிகையும் ஒரே கூரையின்கீழ் இருக்கும்போது, 'நூல்' என்று ஒரே கட்டம் போட்டால் போதாது.

ஆசிரியர் என்ற கட்டமும் அவ்வளவு சாமானியமானதன்று. டப்ளின் கோர் என்னும் பிரசித்தமான விவரணத் திட்டத்தில் 15 கூறுகள். படைத்தவருக்கு ஒன்று, துணைநின்றவர்களுக்கெல்லாம் சேர்த்து இன்னொன்று. திருவள்ளுவரை முதற் கட்டத்தில் வைத்துவிட்டு, பரிமேலழகரையும், அந்த உரையைப் பரிசோதித்து அச்சிட்ட பதிப்பாசிரியரையும், முன்னுரை எழுதிய பிரமுகரையும், பிழை திருத்திய வித்துவானையும் இரண்டாம் கட்டத்தில் ஒன்றாக அடைத்தால், உரையாசிரியர் மரபு என்று நாம் பெருமை பேசுவதெல்லாம் ஒரு பொட்டலமாகக் கட்டப்பட்டுவிடும். உரை என்பது ஒரு துணைப்பணியன்று. தானே ஒரு படைப்பு, இன்னொரு படைப்பின் மேல் எழுந்தது. படத்தில் இதற்குத் தனிக் கட்டமும், மூலத்தை நோக்கி ஓர் அம்பும் வேண்டும்.

காலமும் அப்படியே. பழைய அச்சு நூல்கள் பலவற்றின் முகப்பில் பிரபவ வருஷம் ஆவணி மாதம் என்றுமட்டும் இருக்கும். அந்தப் பிரபவ 1867-ஆ, 1927-ஆ, 1987-ஆ? அச்சின் தோரணையும் காகிதமும் அச்சுக்கூடத்தின் பெயரும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். நான்கு இலக்கம் மட்டும் ஏற்கிற ஒரு கட்டத்தை நிரலாளர் வைத்திருந்தால், தட்டச்சு செய்பவர் ஏதாவது ஒன்றை அடித்துவிட்டு மேலே போவார். அவர் மீது குற்றமில்லை. முகப்பில் கண்டது ஒரு கட்டம், நாம் கருதுவது இன்னொரு கட்டம், எதனால் அவ்வாறு கருதுகிறோம் என்பது மூன்றாவது கட்டம் என்று முதலிலேயே வரைந்திருந்தால் அந்தத் தவறு நேர்ந்திராது. உரிமை என்ற கட்டத்திலும், நம் அரசு 1949-இல் பாரதியார் படைப்புகளுக்குச் செய்ததுபோல் நாட்டுடைமை ஆக்கியது என்ற ஒரு நிலை அயல்நாட்டு மென்பொருளின் பட்டியலில் இராது. நாமே சேர்க்க வேண்டியதுதான்.

இனி நெய்வேலிக்கு மிக அருகே வருவோம். 'விருத்தாசலம்' என்று ஒருவர் தேடுகிறார். அவருக்கு வேண்டியது ரயில் சந்திப்பாக இருக்கலாம். பழமலைநாதர் கோயிலைப் பற்றிய தலபுராணமாக இருக்கலாம். அல்லது திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்து, சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயரோடு, புதுமைப்பித்தன் என்ற புனைபெயரில் கதை எழுதியவராகவும் இருக்கலாம். ஊருக்கும் தேவாரத்தில் திருமுதுகுன்றம் என்று வேறு பெயர் உண்டு. எழுத்துக்கூட்டலோ 'விருத்தாசலம்', 'விருத்தாச்சலம்', 'விருதாச்சலம்' என்று பலவகை. வேற்றுமை உருபு ஏறினால் 'விருத்தாசலத்தில்' ஆகி, இயந்திரத்துக்கு அது முற்றிலும் வேறொரு சொல். ஆள் ஒரு கட்டம், இடம் ஒரு கட்டம், பெயர் என்பது இரண்டோடும் பல கோடுகளால் இணைந்த மூன்றாவது கட்டம் என்று வரைந்தால் ஒழிய, இந்தச் சிக்கல் எந்த வேகமான கணினியாலும் தீராது. பெயரை ஆளுக்குள்ளேயே ஒரு குணமாக எழுதிவிடுவது பழகிப்போன சுளுவு. தமிழில் அது செல்லாது.

நிகழ்முறைப் படத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வாசகர், தேடுபெட்டி, பட்டியல், கோப்புக் களஞ்சியம் என்று நான்கு செங்குத்துக் கோடுகள். இடமிருந்து வலமாகக் கேள்வி போகிறது, வலமிருந்து இடமாக விடை வருகிறது. நான் பார்த்த இத்தகைய படங்களில் எல்லாம் விடை தவறாமல் வந்துவிடுகிறது! தேடியது கிடைக்காதபோது என்ன நடக்கும் என்ற அம்புக்குறியை யாரும் வரைவதில்லை. ஆனால் தமிழ் வாசகருக்கு அன்றாட அனுபவம் அதுதான். வெற்றுத் திரையில் 'முடிவுகள் இல்லை' என்று காட்டுவதா. அருகிலுள்ள எழுத்துக்கூட்டல்களைக் காட்டிக் கேட்பதா. 'இந்த நூல் எங்களிடம் அச்சில் உண்டு, இன்னும் படமெடுக்கவில்லை' என்று சொல்வதா. தேடப்பட்ட பெயரைக் குறித்துவைத்து நூலகரின் மேசைக்கு அனுப்புவதா? பணி ஓய்வு பெற்று நகரியத்துக் குடியிருப்பைக் காலி செய்து சொந்த ஊருக்குப் போய்விட்ட ஒரு சுரங்கத் தொழிலாளி, தம் கைப்பேசியில் பெரிய எழுத்தில் பழைய ஆண்டுமலர் ஒன்றைத் தேடுகிறார் என்று வைத்துக்கொண்டு இந்த நான்கு கோடுகளையும் வரைந்து பாருங்கள். நிரலாளரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் தாமே வரும்.

படம் வரைவதிலும் அபாயம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. சுவர் முழுவதும் கட்டங்களாக நிரப்பி, சட்டம் போட்டு மாட்டி, அதற்கப்பால் வேலை நடவாமல் போன இடங்கள் இருக்கின்றன. நிரல் மாறிக்கொண்டே போக, படம் பழையபடியே கிடந்து பொய்சாட்சி சொல்லும் இடங்கள் அவற்றினும் அதிகம். ஒரு பக்கத்தில் அடங்காத படத்தைப் பிரித்து வரைவது நலம்; அமைப்பில் மாற்றம் செய்கிறவரே அன்றைக்கே படத்தையும் திருத்த வேண்டும் என்பதை வேலை விதியாக வைத்துக்கொள்வது அதனினும் நலம்.

ஐந்தாவதான சமுதாயம் என்ற கோணத்தைக் கடைசிக்கு வைத்தேன், ஏனெனில் நெய்வேலியில் அது எளிதாகக் கடந்துபோகக் கூடியதன்று. இந்த நகரியத்துக்கென்று ஒரு மின்னூலகம் எழவேண்டும் என்று இங்குள்ள அன்பர்கள் பேசிவருவதை அறிவேன். அதில் ஆண்டுமலர்கள் இருக்கும், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள் இருக்கும், பள்ளி இதழ்கள் இருக்கும், ஜெர்மானிய இயந்திரங்களும் சோவியத் உதவியோடு எழுந்த அனல் மின் நிலையமும் வந்த காலத்துப் புகைப்படங்கள் இருக்கும். எல்லா மாவட்டங்களிலிருந்தும், பல மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் ஊர் இது. ஆனால் இந்தச் சுரங்கம் விரிவதற்காக நிலம் கொடுத்துவிட்டுப் பெயர்ந்துபோன கிராமங்களும் இதன் சரித்திரத்தைச் சேர்ந்தவை. அந்தக் கிராமத்தார் இந்தப் படத்தில் வாசகர் என்ற கட்டத்தில் மட்டும் நிற்கிறார்களா, அல்லது பொருள் தருகிறவர், விவரம் எழுதுகிறவர், 'இதை வெளியிட வேண்டாம்' என்று சொல்லும் உரிமை உள்ளவர் என்ற கட்டங்களிலும் அவர்களுக்கு இடம் உண்டா? இல்லாது போன ஓர் ஊரின் பெயர் இடம் என்ற கட்டத்தில் எவ்வாறு எழுதப்படும்? இன்றைய நிலப்படத்தை மட்டும் நம்பும் அமைப்பு, சுரங்கத்தின் நடுவே ஒரு புள்ளியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். இடத்துக்கு இன்ன காலம்முதல் இன்ன காலம்வரை என்று ஒரு கூறும், அவ்வூரார் எங்கே குடியேறினார்கள் என்று ஓர் அம்பும் இருந்தால், முத்துமாரி கோயில் திருவிழா நோட்டீசு ஒன்று கையில் கிடைக்கும்போது அதைப் பழைய ஊரோடும் புதிய குடியிருப்போடும் சேர்த்துக் கட்ட முடியும்.

ஆகவே என்னுடைய யோசனை சிறிதுதான். ஸ்கேனர் வாங்கும் பணத்தை இன்னும் சில மாதம் வங்கியிலேயே இருக்க விடுங்கள். ஒரு பெரிய வெள்ளைத்தாளை நூலக மேசைமேல் விரித்து, நூலகரையும், நகரியத்து மாணவர் ஒருவரையும், ஓய்வுபெற்ற தொழிலாளர் ஒருவரையும், பெயர்ந்த கிராமத்துப் பெரியவர் ஒருவரையும், நிரல் எழுதப் போகிறவரையும் சுற்றி உட்காரவைத்து, ஒரு நோட்டீசு, ஒரு பைண்டு கட்டு, ஒரு புகைப்படம் ஆகிய மூன்றை மட்டும் நடுவில் வைத்து, இவற்றுக்கு எத்தனை கட்டங்கள் வேண்டும் என்று வரையச் சொல்லுங்கள். பென்சிலை நிரலாளர் கையில் கொடுக்கவேண்டாம். அவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும்.